டான்ஸ் ஃபிட்னஸ் க்ளாஸுக்கு மொதல் தடவ போறீங்களா? எல்லாரும் எங்கிட்ட கேக்குற கேள்விகள்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் மாஸ்டர் இல்ல, ட்ரெயினரும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மொதல் க்ளாஸ்ல கடைசி வரிசைல கதவுக்குப் பக்கத்துல, ஓடிப்போக வசதியா இருக்கட்டும்னு பைய தோள்லயே மாட்டிக்கிட்டு நின்ன ஒருத்தி, அவ்ளோதான். இப்பவும் வாரத்துக்கு மூணு நாள் போறேன். தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யாராவது போன் பண்ணி இதே கேள்விகளையே கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்ட வறண்டு போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

எனக்கு ஆடவே வராதுங்க. நான் போலாமா?

இந்த ஒரு கேள்வியத்தான் எல்லாரும் வேற வேற மாதிரி கேக்குறாங்க. "கூச்சமா இருக்கு", "வயசாயிடுச்சு", "கொஞ்சம் வெயிட் கொறச்சிட்டு வரேன்", எல்லாத்துக்கும் உள்ள இருக்கறது இதுதான்.

போலாம். ஆட வராதவங்களுக்காகத்தான் இந்த க்ளாஸே வந்துச்சு, இத சும்மா தைரியம் குடுக்க சொல்லல. 1969-ல அமெரிக்கால ஜூடி ஷெப்பர்ட் மிசெட்னு ஒரு டான்ஸ் டீச்சர் ஜாஸ் டான்ஸ் சொல்லிக்குடுத்துட்டு இருந்தாங்க. நெறைய பேர் சேருவாங்க, கொஞ்ச நாள்ல நின்னுடுவாங்க. ஏன்னு பாத்தா, வந்தவங்க யாருக்கும் டான்ஸரா ஆகணும்னு ஆசையே இல்ல, உடம்பு டான்ஸர் மாதிரி இருந்தா போதும்னுதான் வந்திருக்காங்க. கண்ணாடில தன்னையே பாத்து பாத்து "ஐயோ தப்பா போடறேனே"ன்னு நொந்து போறது வேற. அந்தம்மா என்ன பண்ணாங்கன்னா ஸ்டெப்ப எல்லாம் சுலபமாக்கிட்டு, எல்லாரையும் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிக்க வெச்சிட்டாங்க. க்ளாஸ் நெறஞ்சு போச்சு. அதுதான் பின்னாடி ஜாஸர்சைஸ்னு பெருசா வளந்தது.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு பழமொழி சொல்வாங்கல்ல, இந்த க்ளாஸ்ல கூடமும் கோணல்தான் நாமளும் கோணல்தான், யாரும் கண்டுக்க மாட்டாங்க. மூச்சு வாங்கிக்கிட்டு அடுத்த ஸ்டெப் என்னன்னு மாஸ்டர் கால பாத்துட்டு இருக்கறவங்களுக்கு உங்கள பாக்க எங்க நேரம்?

இது டான்ஸ் க்ளாஸா, எக்சர்சைஸ் க்ளாஸா? ஜும்பாவும் இதுவும் ஒண்ணா?

எக்சர்சைஸ் க்ளாஸ்தான், டான்ஸ் சட்ட போட்டிருக்கு. டான்ஸ் க்ளாஸ்னா நிறுத்தி நிறுத்தி சொல்லிக்குடுப்பாங்க, கை கோணம் சரியில்லன்னா திருத்துவாங்க. இங்க பாட்டு ஓடிட்டே இருக்கும், யாரும் நிறுத்த மாட்டாங்க, நீங்க அப்டியே கூட ஓட வேண்டியதுதான்.

ஜும்பாங்கறது இதுல ஒரு பிராண்ட். கொலம்பியால காலிங்கற பேருள்ள நகரத்துல பெட்டோ பெரஸ்னு ஒரு ஏரோபிக்ஸ் மாஸ்டர், 1990-கள்ல ஒரு நாள் க்ளாஸுக்குரிய கேசட்ட மறந்துட்டு வந்துட்டாராம், கைல இருந்த சால்சா மெரெங்கே கேசட்ட போட்டு ஏதோ சமாளிச்சிருக்காரு, ஜனங்களுக்கு அது ரொம்ப பிடிச்சுப் போச்சு. 2001-ல இன்னும் ரெண்டு பேரோட சேந்து அமெரிக்கால கம்பெனியாவே ஆரம்பிச்சுட்டாங்க. அதனால "ஜும்பா"ன்னு போர்டு வெச்சு நடத்தணும்னா அவங்ககிட்ட ட்ரெயினிங் எடுத்து லைசன்ஸ் வாங்கியிருக்கணும். நாம என்னவோ எல்லாத்தையும் ஜும்பான்னே சொல்லிப் பழகிட்டோம். பாங்ரா, ஹிப்ஹாப், சினிமாப் பாட்டு, ஆஃப்ரோ, ஏரோபிக்ஸ்னு வகை நெறைய இருக்கு, சேருறதுக்கு முன்னாடி என்ன பாட்டு போடுவீங்கன்னு மட்டும் கேட்டுக்கங்க. பிடிக்காத பாட்டுக்கு ஒரு மணி நேரம் குதிக்கறது தண்டனை.

ஒரு க்ளாஸ்ல என்னதான் நடக்கும்?

முக்கால் மணிலேருந்து ஒரு மணி நேரம். மொதல் அஞ்சு பத்து நிமிஷம் வார்ம்அப், நின்ன எடத்துல நடக்கறது, தோள சுத்தறது, பக்கவாட்டுல ஒரு அடி வெச்சு சேக்கறது. அப்புறம் பத்து பன்னண்டு பாட்டு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். வேகமான பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் மெதுவான பாட்டு, மறுபடி வேகம், இப்டி ஏத்தி எறக்கி போவாங்க. நடுநடுல தண்ணி குடிக்க அர நிமிஷம். கடைசி ஒண்ணு ரெண்டு பாட்டு கூல்டவுன், கை கால நீட்டி மூச்ச எறக்கறது.

கூல்டவுன் வரும்போது பைய எடுத்துட்டு நழுவறவங்க ஒவ்வொரு பேட்ச்லயும் நாலு பேர் இருப்பாங்க. நீங்க அதுல ஒருத்தரா ஆகாதீங்க, வேகமா ஆடிட்டு சடார்னு நின்னா கால்லேயே ரத்தம் தேங்கி சிலருக்கு கண்ண இருட்டிட்டு வரும். எனக்கு ரெண்டாவது வாரத்துல வந்துச்சு, மாடிப்படில ஒக்காந்துட்டேன்.

எங்க நிக்கணும்?

எல்லாரும் கடைசி வரிசைக்குத்தான் ஓடுவாங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு, அங்கேருந்து மாஸ்டர் கால் தெரியாது, முன்னாடி இருக்கறவங்களப் பாத்து ஆடுவீங்க, அவங்களே தப்பா ஆடிட்டு இருப்பாங்க, தப்ப காப்பியடிச்சு அதுலயும் தப்பு பண்ணுவீங்க. ரெண்டாவது மூணாவது வரிசைல ஓரமா நில்லுங்க. மாஸ்டர் கால் தெரியணும், தண்ணி பாட்டில் கிட்ட இருக்கணும், முட்டிக்காம கை நீட்ட எடம் இருக்கணும். மாஸ்டர் திரும்பச் சொன்னா பின்னாடி பக்கம் முன்னாடி ஆயிடும், அப்போ கடைசி வரிசைக்காரங்க கதி என்னாகும்னு நெனச்சுப் பாருங்க, நான் அனுபவிச்சிருக்கேன்.

ஸ்டெப்பே புரியல, எல்லாரும் ஒரு பக்கம் போனா நான் ஒரு பக்கம் போறேன். என்ன பண்றது?

இதுக்கு கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா இத யாராவது எனக்கு மொதல் நாளே சொல்லியிருந்தா நான் மூணு வாரம் முழிச்சிருக்க மாட்டேன்.

மொதல்ல கைய விட்டுடுங்க. முழுசா விட்டுடுங்க, இடுப்புல வெச்சுக்கங்க. காலையும் கையையும் ஒரே நேரத்துல பிடிக்கப் போனா ரெண்டும் போயிடும். மொதல் ரெண்டு மூணு க்ளாஸுக்கு கால் மட்டும்தான். கால் தானா வந்ததுக்கு அப்புறம் கைய சேத்துக்கலாம். கால்தான் இதுல பெரிய வேல, பெரிய தசையெல்லாம் அங்கதான் இருக்கு, மூச்சு வாங்கறதும் அதாலதான்.

ரெண்டாவது, எண்ணுங்க. இந்தப் பாட்டுங்கள்ல முக்காவாசி எட்டு எட்டா வெட்டி வெச்ச மாதிரி இருக்கும். ஒண்ணு ரெண்டு மூணுன்னு எட்டு வரைக்கும் எண்ணிப் பாத்தா ஒரு துண்டு முடியும், அந்த மாதிரி நாலு துண்டு, அதாவது 32 கவுண்ட் முடியறப்போ பாட்டுல ஏதோ ஒண்ணு மாறும், ட்ரம்ஸ் கூடும், பாடறவங்க ஆரம்பிப்பாங்க, இல்ல நிறுத்துவாங்க. அங்கதான் ஸ்டெப்பும் மாறும். மாஸ்டர் திடீர்னு மாத்தறாங்கன்னு நமக்குத் தோணும், ஆனா அவங்க பாட்டு சொல்றதத்தான் கேக்குறாங்க.

மூணாவது, பெரும்பாலும் பல்லவிக்கு ஒரு ஸ்டெப், சரணத்துக்கு ஒரு ஸ்டெப், நடுல வர்ற மியூசிக்குக்கு ஒரு ஸ்டெப்புன்னு பிரிச்சிருப்பாங்க. பல்லவி திரும்ப வர்றப்போ அதே ஸ்டெப் திரும்ப வரும். ஒரு பாட்டுல மொத்தமே மூணு நாலு ஸ்டெப்தான். மொதல் தடவ பல்லவி வரும்போது முழிங்க, ரெண்டாவது தடவ பாதி பிடிங்க, மூணாவது தடவ வரும்போது பரவால்லன்னு இருக்கும், அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடும். பரவால்ல, அதே பாட்டு அடுத்த க்ளாஸ்லயும் வரும். அதுக்காகத்தான் மாஸ்டருங்க ஒரே லிஸ்ட்ட சில வாரம் மாத்தாம வெச்சிருப்பாங்க.

அப்புறம் இடது வலது. மாஸ்டர் உங்களப் பாத்து நின்னு ஆடினா, நீங்க கண்ணாடி பாக்கற மாதிரி நெனச்சுக்கங்க, அவங்க எந்தப் பக்கம் நகர்றாங்களோ அந்தப் பக்கமே நகருங்க, அவங்களுக்கு அது இடதா வலதான்னு யோசிக்கவே யோசிக்காதீங்க. முதுகு காட்டி ஆடினாலும் அதேதான்.

எல்லாம் கைவிட்டுப் போச்சுன்னா நின்ன எடத்துல மார்ச் பண்ணுங்க. லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட். நிக்க மட்டும் செய்யாதீங்க. சும்மா மார்ச் பண்றதும் எக்சர்சைஸ்தான், இதயத்துக்கு ஸ்டெப் பேரெல்லாம் தெரியாது.

இந்த சால்சா, மெரெங்கே, ரெக்கேட்டன் எல்லாம் சொல்றாங்களே, தெரிஞ்சிருக்கணுமா?

தேவையில்ல. ஆனா காதுல விழும்போது பயப்படாம இருக்க ஒரு வரில சொல்றேன். மெரெங்கேன்னா நடக்கற மாதிரி, ஒரு பீட்டுக்கு ஒரு கால், ரொம்ப சுலபம், இடுப்பு தானா ஆடும். சால்சான்னா மூணு அடி வெச்சுட்டு ஒரு பீட் விடணும், அந்த விடற எடத்துலதான் எல்லாரும் தடுக்குவாங்க. ரெக்கேட்டன் மெதுவா கனமா இருக்கும், முட்டிய மடக்கி தரைய அமுக்கற மாதிரி ஆடணும், மெதுவா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க, தொட கதறிடும்.

என்ன ஷூ போடறது?

நான் இருந்த ரன்னிங் ஷூவ மாட்டிட்டு போனேன், ரெண்டு வாரத்துல வலது முட்டி உள்பக்கம் வலிக்க ஆரம்பிச்சுடுச்சு. காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. ரன்னிங் ஷூ முன்னால போறதுக்காக செஞ்சது, அடில நல்லா பல் பல்லா இருக்கும், தரைய கவ்வும். டான்ஸ்ல பக்கவாட்டுல போவோம், சுத்துவோம். பாதம் தரைல ஒட்டிக்கிட்டு உடம்பு மட்டும் திரும்பினா அந்த முறுக்கு எல்லாம் முட்டிக்குத்தான் போகும்.

அதனால அடிப்பாகம் ஓரளவு வழவழன்னு, பக்கவாட்டுல பிடிப்பா, எட கம்மியா இருக்கற ஷூ நல்லது. க்ராஸ் ட்ரெயினர்னு கேட்டா குடுப்பாங்க, டான்ஸ் ஸ்னீக்கர்னே தனியாவும் இருக்கு. ஆனா மொதல் க்ளாஸுக்காக புதுசு வாங்காதீங்க, இருக்கறத போட்டுட்டு போயி, திரும்பும்போது மட்டும் குதிகால லேசா தூக்கி முன்பாதத்துல சின்னச் சின்ன அடியா வெச்சுத் திரும்புங்க. மாசம் தாண்டியும் போறீங்கன்னா வாங்கலாம். வெறுங்காலோட ஆடறது வேண்டாம், அதுக்குன்னே இருக்கற க்ளாஸ்னா சரி. சாக்ஸ் மட்டும் போட்டு ஆடறது ரெண்டுங்கெட்டான், வழுக்கும்.

டிரெஸ்?

வேர்வய உறிஞ்சற டி ஷர்ட், காலத் தூக்கினா தடுக்காத பேண்ட். பேண்ட் ரொம்ப நீளமா தரைல இழுத்தா மிதிச்சுடுவீங்க. பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் ப்ரா ரொம்ப முக்கியம், ஷூவுக்கு முன்னாடி அதுக்கு செலவு பண்ணுங்கன்னு சொல்வேன், குதிக்கும்போது மார்பு வலிக்கறதாலயே நெறைய பேர் பாதில நின்னுடறாங்க, வெளிய காரணம் வேற சொல்வாங்க. வாங்கும்போது கடைலயே நாலு குதி குதிச்சுப் பாருங்க, யார் பாத்தா என்ன.

ஒரு சின்ன துண்டு, தண்ணி பாட்டில். நக நட்டெல்லாம் வீட்லயே.

சாப்பிட்டுட்டு போலாமா?

முழுச் சாப்பாடு சாப்பிட்டா ரெண்டு மூணு மணி நேரம் விட்டுடுங்க. லேசா ஏதாவதுன்னா முக்கா மணி ஒரு மணி நேரம் போதும். சுத்தமா வெறும் வயித்துல மொதல் க்ளாஸ் போகாதீங்க, தல சுத்தும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க இத டாக்டர்கிட்ட தனியா கேட்டுக்கணும், ஆடினதுக்கு அப்புறம் சுகர் எறங்கலாம்.

எனக்கு வெயிட் ஜாஸ்தி, வயசும் ஆச்சு. முட்டி தாங்குமா?

எல்லா ஸ்டெப்புக்கும் குதிக்காத வடிவம் ஒண்ணு இருக்கு. ஒரு கால் எப்பவும் தரைலயே இருக்கும், குதிக்கற எடத்துல ஒரு அடி எடுத்து வெச்சா போதும், இதுக்கு லோ இம்பாக்ட்னு பேரு. நல்ல மாஸ்டர் ரெண்டையும் காமிப்பாங்க. காமிக்கலன்னா கேளுங்க. "மேடம், முட்டிக்கு எதம்மா எப்டி பண்றது?"ன்னு ஒரு வார்த்த. வயசானவங்களுக்குன்னே மெதுவான க்ளாஸ் உண்டு, ஜும்பாலயே கோல்டுன்னு ஒண்ணு, தண்ணிக்குள்ள நின்னு ஆடற அக்வான்னு ஒண்ணு, சேர்ல ஒக்காந்து ஆடறதும் கூட இருக்கு.

வயச பத்தி கேக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஒண்ணு. 2003-ல அமெரிக்கால ஒரு பெரிய மருத்துவ இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 75 வயசு தாண்டின 469 பேர வருஷக்கணக்கா கவனிச்சிருக்காங்க, யாருக்கு மறதி நோய் வருது யாருக்கு வரலன்னு. உடம்ப வருத்திப் பண்ற பொழுதுபோக்குங்கள்ல டான்ஸ் ஆடறவங்களுக்கு மட்டும்தான் அந்த நோய் கம்மியா வந்திருக்கு. டான்ஸாலதான் வரலையா, இல்ல மூள நல்லா இருக்கறவங்கதான் டான்ஸுக்குப் போனாங்களான்னு அத வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனாலும், ஸ்டெப்ப ஞாபகம் வெச்சு, பீட்ட கேட்டு, பக்கத்துல இருக்கறவங்க மேல இடிக்காம நகர்றது எல்லாத்தையும் ஒரே நேரத்துல பண்றப்போ மூளைக்கும் வேர்க்குதுன்னு எனக்குத் தோணும்.

யாரெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு போகணும்?

இதய நோய் இருக்கறவங்க, பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்க, நடந்தாலே நெஞ்சு அழுத்தறவங்க, மயக்கம் போட்டு விழுந்தவங்க, சமீபத்துல ஆபரேஷனோ பிரசவமோ ஆனவங்க, கர்ப்பமா இருக்கறவங்க. இவங்க எல்லாம் போகவே கூடாதுன்னு சொல்லல, கேட்டுட்டு போங்க, மாஸ்டர்கிட்டயும் முன்னாடியே காதுல போட்டு வைங்க. ஆடும்போது நெஞ்சு வலி, கைக்கு தாடைக்கு பரவற வலி, கண்ண இருட்டறது, இதயம் தாறுமாறா அடிக்கறது, இதுல எது வந்தாலும் பாட்டு முடியட்டும்னு காத்திருக்காதீங்க, நிறுத்தி ஒக்காந்து ஆள கூப்பிடுங்க, நெஞ்சு வலி ஒக்காந்தும் அடங்கலன்னா நேரா ஆஸ்பத்திரிதான்.

கேக்கவே கூச்சமா இருக்கு… குதிச்சா யூரின் லீக் ஆகுது.

எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி இதுதான், அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல வரும். உங்களுக்கு மட்டும் இல்லங்க. பிரசவம் ஆனவங்க, மெனோபாஸ் கிட்ட வந்தவங்கன்னு எக்கச்சக்கமான பெண்களுக்கு இருக்கு, பிரசவமே ஆகாத பொண்ணுங்களுக்கும் இருக்கு. இடுப்புக்கு அடில ஒரு ஊஞ்சல் மாதிரி தாங்கிக்கிட்டு இருக்கற தசைங்க தளர்ந்து போறதால வர்றது. குதிச்சா, தும்மினா, சிரிச்சா மேலேருந்து அழுத்தம் வரும், அது தாங்காது.

க்ளாஸுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வாங்க, பேட் வெச்சுக்கங்க, குதிக்கற எடத்துல லோ இம்பாக்ட் பண்ணுங்க. வேர்வைக்கு நடுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா அதோட விட்டுடாதீங்க, இதுக்கு கீகல்னு ஒரு பயிற்சி இருக்கு, யூரின அடக்கற மாதிரி அந்த தசைய இறுக்கி சில செகண்ட் வெச்சு விடறது, தெனமும் பண்ணணும், ரெண்டு மூணு மாசம் விடாம பண்ணாத்தான் வித்தியாசம் தெரியும். சரியாப் பண்றோமான்னு சந்தேகம்னா இதுக்குன்னே பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க. யூரின் போகும்போதே நிறுத்தி நிறுத்தி பயிற்சி பண்ணாதீங்க, அது தப்பு. பயந்து தண்ணி குடிக்காம போறதும் தப்பு.

இதுக்காக க்ளாஸ விட்டவங்கள எனக்குத் தெரியும். வெளிய "டைம் இல்ல"ன்னு சொன்னாங்க.

எவ்ளோ கலோரி போகும்? வெயிட் குறையுமா?

ஒரு க்ளாஸ்ல ஆயிரம் கலோரின்னு போஸ்டர் ஒட்டியிருந்தா அத நம்பாதீங்க. 2012-ல அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் ஒரு சின்ன ஆராய்ச்சி பண்ண வெச்சாங்க, ஜும்பா நல்லா பழகின 19 பொண்ணுங்க, 18லேருந்து 22 வயசு, சராசரியா 369 கலோரி ஒரு க்ளாஸுக்கு. சின்ன வயசு, பழகின உடம்பு, அவங்களுக்கே அவ்ளோதான். பாதி நேரம் மார்ச் பண்ணிட்டு நிக்கற நமக்கு மொதல் மாசம் அதவிட கம்மியாத்தான் இருக்கும். வெயிட் ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு கொஞ்சம் கூட போகலாம், தூக்கிட்டு ஆட வேண்டிய சொம ஜாஸ்தி இல்லையா.

கைல கட்டற வாட்ச் சொல்ற கணக்கையும் அப்டியே எடுத்துக்காதீங்க. 2017-ல ஸ்டான்ஃபோர்ட்ல ஏழு வாட்ச்ச சோதிச்சாங்க, நாடித்துடிப்ப ஓரளவு சரியா காட்டின வாட்ச்சுங்க கலோரில கவுந்துடுச்சு, இருக்கறதுலயே ஒழுங்கானதே சராசரியா 27 சதவீதம் தப்பா காட்டிச்சு. இத படிச்சதுலேருந்து நான் வாட்ச்ச வீட்ல வெச்சுட்டுத்தான் போறேன்.

வெயிட்? சாப்பாட்ட கவனிக்காம ஆட்டத்த மட்டும் நம்பினா ரொம்ப மெதுவாத்தான் அசையும். எனக்கு மொதல் மூணு மாசத்துல முள்ளு பெருசா நகரவே இல்ல. ஆனா மாடி ஏறினா மூச்சு வாங்கறது நின்னுச்சு, ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வந்துச்சு.

சரியான வேகத்துல ஆடறேனான்னு எப்டி தெரியும்?

பேசிப் பாருங்க. பேச முடியுது ஆனா பாட முடியலன்னா நடுத்தரம். ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேச மூச்சு இல்லன்னா கடுமை. மொதல் ரெண்டு வாரம் பேச முடியற அளவுலயே வெச்சுக்கங்க. ஒரு வார்த்தகூட வரலன்னா கைய எறக்குங்க, அடிய சின்னதாக்குங்க, அதுவே பாதி வேகத்த கொறச்சிடும்.

வாரத்துக்கு எத்தன நாள்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது பெரியவங்களுக்கு வாரத்துக்கு நடுத்தரமா 150லேருந்து 300 நிமிஷம், கடுமையான்னா 75லேருந்து 150. அதோட ரெண்டு நாள் தசைக்கு வலு ஏத்தற பயிற்சியும். மூணு க்ளாஸ் போனா மொதல் கணக்கு ஏறக்குறைய முடிஞ்சிடும், ரெண்டாவது டான்ஸ்ல வராது, அதுக்கு எட தூக்கறதோ, முட்டிய மடக்கி ஒக்காந்து எழுந்திரிக்கற ஸ்குவாட்டோ தனியா பண்ணணும். நான் அத ஒரு வருஷம் கண்டுக்கல.

ஆரம்பத்துல ரெண்டு நாள் போதும், நடுல ஒரு நாளாவது இடைவெளி. புது ஜோருல மொதல் வாரமே ஆறு நாள் போறவங்கள ரெண்டாவது வாரம் பாக்க முடியாது.

மறுநாள் எழுந்திரிக்கவே முடியல. ஏதாவது பிசகிடுச்சா?

பெரும்பாலும் இல்ல. பழக்கமில்லாத வேல பண்ண தசை ஒரு நாள் கழிச்சு வலிக்க ஆரம்பிச்சு, ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போயிட்டு அப்புறம் தானா போயிடும். கெண்டக்கால், தொட, பின்பக்கம் ரெண்டு பக்கமும் சமமா வலிச்சா அது இந்த வலிதான். படுத்தே கெடக்காம மெதுவா நடங்க. ஒரே ஒரு மூட்டுல மட்டும் குத்தற வலி, வீக்கம், கால் ஊனவே முடியலன்னா அது வேற, காட்டிடுங்க. ரொம்ப அபூர்வமா, அளவுக்கு மீறிப் பண்ணினவங்களுக்கு யூரின் காப்பி கலர்ல போகும், தசை உடைஞ்சு ரத்தத்துல கலக்கறதுக்கு அடையாளம் அது, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

சவுண்டு காது கிழியுது, நான் மட்டும்தான் ஃபீல் பண்றேனா?

இல்ல, இது நியாயமான புகார். 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் வரைக்கும் பரவால்லன்னு ஒரு கணக்கு இருக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், அப்டிப் பாத்தா 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு கால் மணிதான். போன்ல டெசிபல் காட்டற ஆப் போட்டுப் பாருங்க, துல்லியமா இருக்காது, குத்துமதிப்பா தெரியும். க்ளாஸ் முடிஞ்சு காதுல கொய்ங்னு சத்தம் வந்தா அது ரொம்ப ஜாஸ்தி. ஸ்பீக்கர விட்டுத் தள்ளி நில்லுங்க, இயர்ப்ளக் போட்டுக்கங்க, பீட் தரை வழியாவே வரும். நான் ஒரு எடத்துல கொறைக்கச் சொன்னதுக்கு "அப்போ எனர்ஜி வராது"ன்னுட்டாங்க. அந்த எடத்த விட்டுட்டேன்.

ஆம்பளைங்க போலாமா?

தாராளமா. எங்க பேட்ச்ல ரெண்டு பேர் வராங்க, ஒருத்தர் என்னவிட நல்லா இடுப்பு ஆட்டறாரு. பெண்களுக்கு மட்டும்னு பேட்ச் இருந்தா அது தனி, முன்னாடியே கேட்டுக்கங்க.

வீட்லயே வீடியோ பாத்து ஆடலாமே?

ஆடலாம், கூச்சம் போக நல்ல வழி. போறதுக்கு முன்னாடி நாலு நாள் அடிப்படை ஸ்டெப்ப மட்டும் வீட்ல பழகினா க்ளாஸ்ல பாதி பயம் போயிடும். மேட் மேல நின்னு ஆடாதீங்க, கால் சிக்கி சறுக்கும். ஆனா எனக்கு வீடியோ ஓடல, காலிங் பெல் அடிச்சா நிறுத்துவேன், போன் வந்தா நிறுத்துவேன், நிறுத்தினா நிறுத்தினதுதான்.

மாஸ்டர் நல்லவங்களான்னு எப்டி கண்டுபிடிக்கறது?

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "புதுசா யாரு, யாருக்காவது அடி, ஆபரேஷன், வலி இருக்கா"ன்னு கேட்டாங்கன்னா பாதி பாஸ். ஸ்டெப் மாறறதுக்கு ரெண்டு மூணு கவுண்ட் முன்னாடியே கைய காட்டி சொல்லணும். அவங்க நம்மளப் பாக்கணும், கண்ணாடில தன்னையே பாத்துட்டு இருக்கக் கூடாது. முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்னா நெஞ்ச அமுக்கிக் காப்பாத்தறது) தெரியுமான்னு கேக்கறதுல தப்பே இல்ல. "வலிச்சாத்தான் பலன்"னு கத்தறவங்க, யார் உடம்பயாவது எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்றவங்க, பாட்டு எவ்ளோ நல்லா இருந்தாலும் திரும்பிப் போகாதீங்க. ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டுங்கன்னு மொதல் நாளே நெருக்கினா ட்ரெயல் க்ளாஸ் குடுங்கன்னு கேளுங்க.

வீடியோ எடுத்துப் போடறாங்களாமே?

சில எடத்துல கடைசிப் பாட்ட எடுத்து இன்ஸ்டாகிராம்ல போடுவாங்க. வேண்டாம்னா முன்னாடியே சொல்லிடுங்க, ஓரமா நின்னுக்கலாம். சொல்லாம எடுத்துப் போட்டா அழிக்கச் சொல்லுங்க, உங்க மொகம் உங்களோடது.

பாதில வெளிய வந்தா தப்பா நெனப்பாங்களா?

மாட்டாங்க. மொதல் நாள் நான் நாலாவது பாட்டுலயே வெளிய வந்து பெஞ்சுல ஒக்காந்தேன். உள்ள போகவா வீட்டுக்குப் போகவான்னு யோசிச்சிட்டு இருந்தப்போ வெள்ள முடியோட ஒரு அக்கா தண்ணி குடிக்க வந்தாங்க, "எத்தனாவது நாள்?"னாங்க, மொதல்னேன். "நான் மூணு வாரம் இந்த பெஞ்சுலதான் பாதி க்ளாஸ் பண்ணேன், மெதுவான பாட்டு வரும்போது உள்ள வா"ன்னுட்டு போயிட்டாங்க. ரெண்டு பாட்டு கழிச்சு மெதுவான பாட்டு வந்துச்சு. பைய பெஞ்சுலயே வெச்சுட்டு உள்ள போனேன்.